அம்பு ஒட்டிய அத்தியாயங்கள்

மார்ச் 4, செவ்வாய்

முதல் அத்தியாயத்தை இன்றைக்கு நாற்பத்தோராவது தடவை திருத்தினேன். எண்ணிக்கையில் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு தடவையும் போனில் புதுசாக ஒரு நகல் எடுத்து நம்பர் போட்டு வைக்கிற ஆள் நான். நாற்பத்தொன்றில் என்ன செய்தேன்? "மழை பிடித்துக்கொண்டது" என்று இருந்ததை "மழை வலுத்தது" என்று மாற்றினேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது மறுபடி "பிடித்துக்கொண்டது" என்றே ஆக்கினேன். ஒரு மணி நேரப் பயணம் அதிலேயே போயிற்று. இதுக்குப் பேரு எழுத்தா?

இந்த டைரி, தையல் நூல் கம்பெனிக்காரன் ஆபீசுக்குக் கொடுத்ததில் மிஞ்சியது. சூப்பர்வைசர் என் மேசையில் போட்டுவிட்டு, "பதினேழு, உனக்குத்தான் எதையாவது கிறுக்கிக்கிட்டே இருக்கிற வியாதி ஆச்சே, வெச்சுக்க" என்றார்.

பதினேழு நான்தான். இருபது வருஷமாகச் சட்டை பார்க்கிறேன். தைத்து முடித்த சட்டை கடைசியாக என் மேசைக்குத்தான் வரும். காலர் முனை, பட்டன் பட்டி, கை மடிப்பு, பக்கத் தையல், அடி மடிப்பு என்று வரிசையாகக் கண் ஓடும். பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டுவேன். தப்பு இருந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். தப்பில்லாத சட்டையின் பையில் 17 என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. வீட்டுக்கு வந்து நாலு வரி எழுதினாலும் அதே கண்தான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நான் என்ன செய்ய?

நாவலிலும் அம்பு போடுகிறேன். எங்கே சரியில்லையோ அங்கே ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு குறிப்பு. முதல் அத்தியாயத்தில் மட்டும் பதினான்கு அம்பு.

மார்ச் 5, புதன்

"வலுத்தது"தான் சரி.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவிடமிருந்து மெசேஜ். "கதவைத் திறந்தாளா இல்லையா?" அவ்வளவுதான். நலம் விசாரிப்பு கிடையாது.

இதை எழுதியாக வேண்டும். எழுதினால்தான் என் யோக்கியதை எனக்கே தெரியும்.

அக்கா கூடப் பிறந்தவள் இல்லை, மூணாம் அயர்ன் மேசையில் இருந்தவள். நாலு வருஷம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஏழு பேர் மாடிப்படிக்குக் கீழே உட்காருவோம். என் நாவலை நான் வாயாலேயே சொல்லுவேன். குடை ரிப்பேர் செய்யும் ஒருத்தியின் கதை. அவளைக் குடைக்காரி என்றே கூப்பிடுவோம். அவள் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டான். தினமும் அரை மணி நேரம் அவளைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தி அவனுக்காகப் பரிந்து பேசுவாள், இன்னொருத்தி அவளைக் கிள்ளுவாள். அக்கா டப்பா மூடியால் தரையைத் தட்டி, "அவன் மட்டும் திரும்பி வரட்டும், என் அயர்ன் பாக்ஸை அவளுக்குக் கடனா குடுக்கறேன்" என்பாள். எட்டாம் அத்தியாயத்தின் முடிவில் அவன் திரும்பி வந்துவிட்டான். பதினோரு வருஷம் கழித்து. கதவைத் தட்டுகிறான். அந்த இடத்தில் மணி அடித்துவிட்டது, நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

நாளை என்பது வரவில்லை. அக்காவின் காதில் இரைச்சல் ஒரு வருஷமாகவே இருந்தது. பாய்லர் பக்கத்திலேயே இத்தனை காலம் நின்றால் என்ன ஆகும்? அந்த வாரத்தோடு இரண்டு காதும் போயிற்று. காதில் மிஷின் வைத்தும் இரைச்சல்தான் வருகிறதாம், பேச்சு வருவதில்லை. வேலையை விட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். இனிமேல் அவளுக்கு நான் கதை சொல்ல முடியாது. எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

எழுதியது இருக்கிறது. எட்டு அத்தியாயமும் போனில் இருக்கிறது. ஏன் அனுப்பவில்லை? ஏன்னா அது சரியா இல்ல. அதுதான் காரணம், வேற ஒரு மண்ணும் இல்ல.

மார்ச் 12, புதன்

முதல் அத்தியாயத்தை அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். நாற்பத்து மூன்றாம் நகல். எல்லா அம்பையும் எடுத்து, பிசிறு வெட்டி, மடித்துப் பெட்டியில் வைத்த சட்டை மாதிரி அனுப்பினேன்.

பதில் சாயங்காலம் வந்தது. "இது யாரு எழுதினது?"

மார்ச் 13, வியாழன்

வேலைக்குப் போனேன், வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

அக்காவிடம் கேட்டே விட்டேன், என்ன பிடிக்கவில்லை என்று. அவள் எழுதியதை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"நீ சொன்னப்ப குடைக்காரி முதல் நாளே பஸ் கண்டக்டர்கிட்ட சண்டை போட்டா. அது எங்க? நீ சொன்னப்ப நடுவுல நிறுத்தி, இரு இரு தப்பா சொல்லிட்டேன்னு திரும்பச் சொல்லுவ. நாங்க சிரிப்போம். இதுல யாரும் தப்பே பண்ணல. இன்னொண்ணு, தனியா படிக்கறது எனக்குச் சரிப்படல. இங்க எல்லாரும் மீன் மாதிரி வாயைத் தொறந்து மூடறாங்க. யாரு என்ன பேசறாங்கன்னு தெரியல. நாம ஏழு பேரு கத்தினோமே, அது வேணும் எனக்கு."

கண்டக்டர் சண்டையை இருபதாவது நகலில் எடுத்துவிட்டேன். வேகத்தைக் குறைக்கிறது என்று தோன்றியது.

மகளிடம் காட்டினேன். "அம்மா, அஞ்சு வருஷம் முன்னாடி உனக்கு ஒரு கதைத் தளத்துல கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்தேனே, ஞாபகம் இருக்கா? அங்க போடு. படிக்கறவங்க கீழ கமெண்ட் போடுவாங்க, சண்டை போட்டுக்குவாங்க, எல்லாம் எழுத்துலதான். பெரியம்மாவுக்குக் காதே வேண்டாம்."

சரிதான். அவள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

மார்ச் 20, வியாழன்

நான்கு நாளாக அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "வெளியிடு" என்று பச்சையில் இருக்கிறது. விரலைக் கொண்டுபோவேன், காலர் முனை கோணலாகத் தெரியும், விரலை எடுத்துவிடுவேன்.

யாரைப் பார்த்துப் பயம்? தெரியும். ஏழு வருஷம் முன்னால் லைப்ரரியில் ஒரு வாசகர் கூட்டம். இரண்டு பக்கத்தை எழுதிக்கொண்டு போயிருந்தேன். கூட்டம் நடத்தியவர் ரிட்டயர்டு வாத்தியார். நின்றபடியே படித்துவிட்டு, தாளை மடித்து என் கையிலேயே கொடுத்து, "இன்னும் கொஞ்சம் இழைக்கணும்மா" என்றார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து இழைத்துக்கொண்டே இருக்கிறேன். பலகையே தேய்ந்து போச்சு. அவருக்கு என் முகம்கூட ஞாபகம் இருக்காது.

என் வீட்டுக்காரர் வண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "என்ன, இன்னும் பிரசவம் ஆகலையா?" ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும். வாளியை எட்டி உதைத்துவிட்டு உள்ளே வந்தேன். பாவம், அவர் சிரிக்கத்தான் சொன்னார்.

மார்ச் 25, செவ்வாய்

அக்காவிடமிருந்து ஒன்பது நாளாகப் பதில் இல்லை. மூன்று மெசேஜ் அனுப்பினேன், திறந்தே பார்க்கவில்லை.

இன்று ஃபேக்டரியில் மூக்கறுபட்டேன். சூப்பர்வைசர் ஆறு சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார். எல்லாவற்றிலும் என் அம்பு. "பதினேழு, இதுல என்ன தப்பு?" பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. "எனக்கே தெரியலை சார்" என்றேன். அவர் திட்டவில்லை. "உடம்பு சரியில்லைன்னா லீவு போடும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நல்ல சட்டையிலும் அம்பு ஒட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். எதைப் பார்த்தாலும் தப்பாகத் தெரிகிறது. கண்ணாடியில் என் முகம், மகளின் எழுத்து, இவர் வேன் குழந்தைகளோடு பேசும் பேச்சு. என்ன ஆச்சு எனக்கு?

மார்ச் 29, சனி

அக்காவின் மகன் பேசினான். "சித்தி, அம்மா போனையே தொடறதில்ல. சார்ஜ் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறாங்க. சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்காங்க. நாங்க எழுதிக் காமிச்சா தலையைத் திருப்பிக்கறாங்க. நேத்துலேர்ந்து சாப்பிடல. நீங்க ஒரு தடவை வர முடியுமா?"

நான்தானே செஞ்சேன் இதை? ஒரே ஒரு கேள்வி கேட்டா. கதவைத் திறந்தாளா இல்லையான்னு. மூணு வாரமா மழை பிடிச்சுதா வலுத்துதான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன், சீ.

மார்ச் 30, ஞாயிறு

நான்கு மணி நேர பஸ். போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

சின்ன அறை, சுத்தமாக இருக்கிறது. மருமகள் நல்ல மாதிரி, எதிலும் குறை வைக்கவில்லை. அக்கா பாதியாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, நான் வாயைத் திறந்ததும் சுருங்கியது.

"வாயை அசைக்காத!" என்று கத்தினாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எல்லாமே கத்தல்தான். தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

நோட்டை எடுத்தேன். மன்னிச்சுக்க அக்கா, அத்தியாயங்கள் இன்னும் சரியாகவில்லை, திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று எழுதிக் காட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். அயர்ன் மேசையில் சுருக்கத்தைப் பார்க்கிற பார்வை.

"உனக்கு முடிவு தெரியாது. அதானே?"

பேனாவை மூடிவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை, இந்த டைரியில்கூட இல்லை. அவன் கதவைத் தட்டுகிறான், அவள் எழுந்து நிற்கிறாள், அதற்கு மேல் எனக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்பதாம் அத்தியாயம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதை எழுதப் பயந்துதான் முதல் அத்தியாயத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

"மாடிப்படிக்குக் கீழ சொன்னப்ப மட்டும் தெரிஞ்சுதா உனக்கு? அன்னன்னைக்கு என்ன வருதோ அதைத்தானேடி சொன்ன? தப்புத் தப்பா சொன்ன. யாரு செத்தா?"

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிளம்பும்போது காலைத் தொட்டேன், அப்போதும் திரும்பவில்லை. கதைத் தளத்தின் முகவரியைத் தாளில் பெரிதாக எழுதி, மருமகளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 31, திங்கள் — காலை

பஸ்ஸில் கண்டக்டர் சண்டை இருந்த பத்தொன்பதாம் நகலைத் தேடி எடுத்தேன். படித்தால் கை நின்றுவிடும், படிக்காமலே தளத்தில் ஏற்றினேன். ஃபேக்டரி கேட்டில் போனை லாக்கரில் வைக்க வேண்டும், வாட்ச்மேன் "சீக்கிரம்மா" என்கிறார். பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன். போன் உள்ளே போயிற்று. சாவி என் இடுப்பில்.

அதே நாள், மதியம்

அம்பை எடுக்கவில்லை.

கடவுளே. அம்பை எடுக்கவே இல்லை. பத்தொன்பதாம் நகலில் இருபத்திரண்டு அம்பு இருந்தது, அத்தனையும் குறிப்போடு. "இந்த வரி பொய்." "இவள் ஏன் இறங்குகிறாள்? எனக்கே தெரியாது." "இங்கே தையல் விட்டுப் போச்சு." எல்லாம் அப்படியே போய்விட்டது, ஊர் உலகம் பார்க்க. பத்தரை மணிக்கு ஒரு காலரில் ஸ்டிக்கர் ஒட்டும்போது உறைத்தது. லாக்கர் ஆறு மணிக்குத்தான் திறக்கும். வாட்ச்மேனிடம் கெஞ்சினேன். "யாருக்காவது சீரியஸா?" என்று கேட்டார். என்னவென்று சொல்லுவேன்?

நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருக்கு.

ஏப்ரல் 1, செவ்வாய்

படித்தவர்கள் பத்தொன்பது பேர், கமெண்ட் மூன்று.

ஒன்று: "தப்பு என்று தானே குறித்து வைத்துவிட்டு அதை நம் தலையில் கட்டியிருக்கிறார். அம்மணி, முதலில் தமிழ் படித்துவிட்டு வாருங்கள்."

இரண்டு: "கண்டக்டர் சண்டை சூப்பர்."

மூன்று, "கண்ணாடி வளையல்" என்ற பெயரில்: "ஏழாவது அம்புக்கு என் பதில். இவள் இறங்கினது அடுத்த நிறுத்தத்தில் தெரிஞ்சவங்க ஏறுவாங்கன்னு பயந்து. நானும் அப்படி இறங்கியிருக்கேன்."

முதலாவதை நாற்பது தடவை படித்தேன். மற்ற இரண்டும் கண்ணில் விழுந்தன, மனதில் ஏறவில்லை. அழித்துவிடலாம் என்று நீக்கு பொத்தான் வரைக்கும் போனேன். மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஒருத்தன் சொன்னதுக்கா? இதை அழிச்சேன்னா நீ என்கிட்ட பேசவே வேண்டாம்." குழந்தையாக இருந்தபோது நான் அவளை மிரட்டிய அதே குரல்.

அக்கா பார்த்தாளா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

இரண்டாம் அத்தியாயம் போட்டேன். அம்புகளைக் கவனமாக எடுத்துவிட்டேன். படித்தவர்கள் ஆறு பேர். "கண்ணாடி வளையல்" மட்டும் கேட்டிருக்கிறாள்: "அம்பெல்லாம் எங்கே?"

இவங்களுக்கு என்ன, என் மானம் போறது வேடிக்கையா?

ஏப்ரல் 6, ஞாயிறு

அக்காவின் மகனுக்கு போன் செய்தேன். அக்கா கொஞ்சம் சாப்பிடுகிறாளாம். போன் தலைமாட்டில் இருக்கிறதாம். "பார்க்கறாங்களா என்னன்னு தெரியல சித்தி, நாங்க உள்ள போனா கவுத்து வெச்சுடறாங்க."

ஏப்ரல் 10, வியாழன்

மூன்றாம் அத்தியாயம். அம்போடு போட்டேன். இந்தத் தடவை மறதியில் இல்லை, தெரிந்தேதான். அமுக்கிய பிறகு கழிவறையில் போய் வாந்தி எடுத்தேன். இதைப் பெருமைக்கு எழுதவில்லை, நடந்தது அப்படி.

எதற்காகச் செய்கிறேன்? சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்காக. அவள் படிக்கிறாளா என்பதே தெரியாது. படித்தால் தேறிவிடுவாளா? யார் சொன்னது? கதை கேட்டு யாருக்குக் காது வந்திருக்கிறது? எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. ஆபரேஷன் செய்யத் தெரிந்திருந்தால் அதைச் செய்திருப்பேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

நான்காவது.

ஏப்ரல் 19, சனி

ஆறாவது போட்டாகிவிட்டது. எப்போதும் வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தர் லாரி ஓட்டுகிறாராம், சரக்கு இறக்கும் நேரத்தில் படிப்பாராம். "நர்ஸ்" என்ற பெயரில் ஒருத்தி புருஷன்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாள், கண்ணாடி வளையல் அவளை வறுத்தெடுக்கிறாள். தமிழ் படிக்கச் சொன்னவர்கூட விடாமல் வந்து ஒற்றுப்பிழை பார்க்கிறார். முதலில் உயிரை வாங்கியது, இப்போது அவர் சொன்னதைத் திருத்திவிட்டு நன்றி போடுகிறேன்.

அக்காவின் பெயர் எங்கும் இல்லை. ஒவ்வொரு தடவையும் மேலிருந்து கீழே தேடுகிறேன். அவளுக்கு மூன்று மெசேஜ் அனுப்பினேன், பதில் இல்லை.

இன்று மதியம் மாடிப்படிக்குக் கீழே மிச்சமிருக்கும் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் கதை கேட்கவில்லை. அவரவர் டப்பாவைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

எட்டாவதும் போட்டாயிற்று. அவன் கதவைத் தட்டிவிட்டான். கையிருப்பு தீர்ந்துவிட்டது. இனி திருத்த எதுவும் இல்லை, எழுதத்தான் வேண்டும்.

முடியல. என்னால முடியல. அவ எழுந்து நிக்கறா. நின்னுக்கிட்டே இருக்கா.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் இவர் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். "என்னமோ போ, திறக்கச் சொல்லேன்" என்றார். தூக்கிவாரிப் போட்டது. "நீங்க படிக்கறீங்களா?" "வேன்ல வெயிட் பண்றப்போ. ஏன், நான் படிக்கக் கூடாதா?" எந்தப் பெயரில் என்று கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார். நர்ஸுக்கு ஜால்ரா போடுகிற ஒரு ஆள் இருக்கிறான், அவன்தானோ என்று சந்தேகம்.

மத்தியானம் வரைக்கும் எழுதினேன். ஒன்பதாம் அத்தியாயம், மூன்று பக்கம்தான். குடைக்காரி கதவருகே போகிறாள். வெளியே மழை. அவன் குடை பிடித்திருக்கிறானா என்று சாவித் துவாரத்தில் பார்க்கிறாள். அவ்வளவுதான் வந்தது. அதற்குக் கீழே அம்பு போட்டு எழுதினேன்: "திறக்கிறாளா? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை." கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து படித்தேன். ஏகப்பட்ட பிசிறு. கத்தரியைத் தொடவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

காலையில் கேட்டில் வைத்து அமுக்கினேன்.

ஆறு மணிக்கு லாக்கரைத் திறந்து பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் கமெண்ட் முப்பத்தாறு. அதே ஏழெட்டுப் பேர்தான், ஆனால் ஒரே ரகளை. திறக்கணும் என்கிறாள் நர்ஸ். பதினோரு வருஷம் எங்கே மேய்ந்தான் என்று முதலில் கேட்கச் சொல்கிறாள் கண்ணாடி வளையல். லாரிக்காரர் ஜன்னல் வழியாகப் பேசச் சொல்கிறார். பிழை பார்ப்பவர் "சாவித் துவாரம்" சரிதான் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டு, அவரும் சண்டையில் இறங்கிவிட்டார். ஒருத்தர் எழுதி முடிப்பதற்குள் இன்னொருத்தர்.

முப்பத்தேழாவது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. பெயர்: அயர்ன் மேசை 3.

"ஏம்பா, எல்லாரும் ஒரே நேரத்துல கத்தினா எப்படி? ஒண்ணும் கேக்க மாட்டேங்குது. ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க."

பிறகு கண்ணாடி வளையல் போட்டாள்: "சரிங்க. நீங்க முதல்ல சொல்லுங்க."

அக்கா சொல்ல ஆரம்பித்தாள். நீளமாகச் சொல்கிறாள், வரி வரியாக வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் யாரும் குறுக்கே பேசவில்லை. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்.